பெயர் ஏறிய வீடு

ஹேமாவதிக்கு விசாலத்தைக் கண்டால் ஆகாது. அமராவதிபுதூரில் அவளிடம் மாவு வாங்குகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். விசாலத்துக்கு மட்டும் தெரியாது என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகாது என்றால் சண்டை போட்டு முகம் பார்க்காமல் இருப்பது என்று அர்த்தமில்லை. விசாலம் அவளுடைய கொழுந்தன் ஏகப்பனின் மனைவி. ஏகப்பன் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வார்ப்புக்கு மர அச்சு செய்கிறவன். பொங்கலுக்கும் குலசாமி கும்பிடுக்கும் இரண்டு பேரும் ஊருக்கு வருவார்கள். வந்தால் ஹேமாவதி கோழி அடித்துக் குழம்பு வைப்பாள். “இன்னுங் கொஞ்சம் போட்டுக்க தாயி” என்று இலையைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறுவாள். அவர்கள் பஸ் ஏறிய மறு நிமிஷம் ஆரம்பிக்கும். விசாலம் கட்டியிருந்த சேலை, அவள் பேசிய கோயம்புத்தூர் ‘ங்க’, அவள் வெங்காயம் நறுக்கிய விதம் என்று ஒரு வாரத்துக்குத் தாங்கும். விசாலம் வெங்காயத்தை மெல்லிசாக நறுக்குவாள். அதுகூடப் பொறுக்காது.

இதெல்லாம் சில்லறை வயிற்றெரிச்சல். மகள் ராஜப்ரியா அந்த வீட்டுக்குக் குடிபோன பிறகுதான் அது நிஜமாகவே எரிய ஆரம்பித்தது.

ராஜப்ரியா ஒரே பிள்ளை. கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கிறாள். முதல் வருஷம் ஹாஸ்டலில்தான் இருந்தாள். ஐந்தாவது மாதம் மஞ்சள் காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிட்டாள். அந்த வாரம் காரைக்குடியில் மூன்று கல்யாணத்துக்கு மாவு ஆர்டர் எடுத்திருந்தாள் ஹேமாவதி. முன்பணம் வாங்கியாகிவிட்டது, கிரைண்டரை விட்டு நகர முடியாது. விசாலம் ஆட்டோ வைத்துப் போய்ப் பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்து, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் வடித்துப் போட்டு, இருபது நாளில் எழுப்பி உட்கார வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஹாஸ்டலுக்கு யார் திரும்பப் போவார்கள்? பிள்ளையில்லாத வீட்டில் ஓர் அறை சும்மாதானே கிடந்தது.

தான் போகவில்லையே என்பது ஹேமாவதிக்குள் ஒரு பக்கம் குத்தியது. அவள் போனாளே என்பது இன்னொரு பக்கம் குத்தியது. எது அதிகம் என்று கேட்டால் இரண்டாவதுதான்.

போதாக்குறைக்கு ராஜப்ரியா ஒருநாள் போனில், “அம்மா, சித்தி சுடுற இட்லி பஞ்சாட்டம் இருக்கும்மா” என்று சொல்லித் தொலைத்தாள். தினம் அறுபது கிலோ மாவு ஆட்டுகிற பெண்பிள்ளையிடம் சொல்கிற பேச்சா இது? கல்லல் ரோட்டு டீக்கடையிலிருந்து காரைக்குடி மெஸ் வரைக்கும் இவள் மாவில்தான் இட்லி வேகிறது. உளுந்து பொங்கப் பொங்க அள்ளி, உப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுக் கையாலேயே கலக்குவாள். கரண்டியால் கலக்கினால் மாவு மாவாக இருக்காது என்பது அவள் கொள்கை.

அந்த வாரமே ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கில் மாவை நிரப்பி, மூடியைத் துணி போட்டுக் கட்டி, கோயம்புத்தூர் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பினாள். புரட்டாசி வெயில். ஆறு மணி நேரப் பயணம். பாதி வழியிலேயே மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, பஸ்ஸின் படிக்கட்டு வரைக்கும் வழிந்துவிட்டது. தூக்கை வாங்கப் போன ஏகப்பனை கண்டக்டர் வாய்க்கு வந்தபடி ஏசினாராம். விசாலம் போன் பண்ணி, ரொம்பத் தணிவாக, “எதுக்குக்கா இம்புட்டுச் செரமம்? இங்க நான் தினம் ஆட்டிக்கிறேனே” என்றாள். அந்தத் ‘தினம்’ என்கிற சொல்லை ஹேமாவதி மூன்று நாள் மென்றுகொண்டிருந்தாள்.

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலம் மாவுக்காரிக்குச் சத்துரு. விடிய விடிய வைத்தாலும் மாவு எழும்பாது. ஹேமாவதி பாத்திரங்களைச் சாக்கால் சுற்றி அடுப்படியோரம் வைத்துவிட்டு, நடுநடுவே திறந்து மோந்து பார்த்துக்கொண்டு, வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது.

“ஹேமாக்கா, இருக்கீகளா?”

அமீனா. அங்கன்வாடி டீச்சர். காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு முட்டை அவித்துப் போடுவாள். மத்தியானத்துக்கு மேல் வாக்காளர் பட்டியல் வேலை. குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, நனையாமல் மாரோடு அணைத்திருந்த பையைத் திறந்தாள்.

“வாங்க டீச்சர். இந்த மழையில இப்புடி அலைய விடுறாகளே பாவிக. டீ போடவா?”

“வேணாங்க்கா. நாலு வீடு முடிச்சேன், நாலு டீ குடிச்சாச்சு. இந்தாங்க, உங்க வீட்டுப் பேரு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. வரிசையில நானூத்திப் பன்னெண்டு அண்ணன், முத்துக்கிருஷ்ணன். நானூத்திப் பதிமூணு நீங்க.”

“எல்லாஞ் சரிதான். ராஜிக்கு ஆடியோட பதினெட்டு முடிஞ்சிருச்சு. எனக்கு அடுத்து அவ பேரை எழுதிக்கங்க.”

“நானூத்திப் பதினாலு பக்கத்து வீட்டு வீரையா மாமால்லக்கா?”

“அவரை அங்குட்டுக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க.”

அமீனா சிரித்துவிட்டாள். “புதுப் பேரு மொதல்ல கடைசியிலதான் ஏறும். பெறகு வீட்டு வரிசைக்கு வந்துரும். பிள்ளை இங்கதான் இருக்கா?”

“படிக்கப் போயிருக்கா. வீடு இதுதான்.”

“அதுக்குத்தாங்க்கா கேக்குறேன். வெளியூர்ல தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு ரெண்டு வழி இருக்கு. பெத்தவுக வீட்டு விலாசத்துலயே பேரை வெச்சுக்கலாம். இல்லாட்டி படிக்கிற ஊர்ல பதியலாம். ஹாஸ்டல்னா காலேஜுல பிரின்ஸ்பால்ட்ட சான்று எழுதி வாங்கணும். சொந்தக்காரவுக வீடுன்னா அந்த வீட்டு விலாசம். ஆனா ஏதாவது ஒரு எடத்துலதான் இருக்கணும். எங்க பேரு இருக்கோ அங்க நேர்ல போயித்தான் ஓட்டுப் போடணும். ஆறாம் நம்பர் படிவம் தாரேன். பிள்ளைதான் கையெழுத்துப் போடணும். போன்லயே அவளாவும் பதிஞ்சுக்கலாம். எதுக்கும் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.”

“கேக்க என்ன இருக்கு? என் பிள்ளை, என் வீடு.”

“கேட்டுக்கங்கக்கா” என்று மறுபடி சொல்லிவிட்டு அமீனா குடையை விரித்தாள்.

சரி, கேட்டுத்தான் வைப்போமே என்று சாயங்காலம் போன் போட்டாள். எடுத்தது விசாலம்.

“அக்கா, ராஜி குளிச்சுக்கிட்டு இருக்கா. மழையா அங்க?”

‘பிள்ளையோட போனைக்கூட இவதான் எடுக்குறா’ என்று உள்ளே ஒரு புகைச்சல். “மழைதான். ஓட்டு லிஸ்டுக்கு டீச்சர் வந்துச்சு. ராஜி பேரைச் சேக்கணும், அதான்.”

“அதெல்லாம் போன மாசமே பதிஞ்சுட்டாளேக்கா. காலேஜுல முகாம் போட்டிருந்தாக. எப்புடி ஏத்துறதுன்னு சொல்லிக்குடுத்தாக, வீட்டுக்கு வந்து போன்லயே எல்லாம் ஏத்திட்டா. இந்த வீட்டு விலாசத்துலதான். இங்க கூட இருக்க குடும்பத்து ஆளு யாருன்னு ஒரு கேள்வி கேட்டுச்சு. என் ஓட்டு அட்டை நம்பரைத்தான் குடுத்தோம்.” அந்தக் குரலில் ஒரு குளுமை இருந்தது. ஹேமாவதியின் காது அதைத் தப்பவிடவில்லை.

“குடும்பத்து ஆளுன்னா?”

“நாந்தாங்க்கா.”

போனை வைத்துவிட்டு ஹேமாவதி மாவுப் பாத்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். கண்ணுக்கு முன்னால் மஹாலட்சுமி ஆச்சி வீடு வந்து நின்றது.

ஆவணி மாதம் அந்த வீட்டில் பிள்ளை கூட்டினார்கள். ஆச்சிக்கு வாரிசு இல்லை. பங்காளி வீட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுப் பையனை முறைப்படி மகனாகக் கூட்டிக்கொண்டார்கள். எண்பது கிலோ மாவு ஹேமாவதியுடையது. மாவை இறக்கிவிட்டு வளவில், முற்றத்தோரமாக ஒதுங்கி நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். “இனிமே அந்த வீட்டுல இவருக்குப் பேரு கெடையாது. கல்யாணம் ஆனா கோயில்ல குடும்பக் கணக்குப் புள்ளி இந்த வீட்டுலதான் ஏறும்” என்று சமையல்காரர் விளக்கினார். எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். பெற்றவளும் பட்டுடுத்தி, சிரித்த முகமாகத்தான் வந்திருந்தாள். ஆனால் பந்தியில் அவள் இலையில் வைத்த இட்லி வைத்தபடியே இருந்ததை ஹேமாவதி பார்த்தாள். தன் மாவில் வெந்த இட்லி என்பதால் பார்த்தாள். முதலில் உப்புத்தான் கூடிப்போய்விட்டதோ என்று பயந்தாள். பிறகுதான் புரிந்தது.

அந்தப் பையனையாவது நாலு பேரைக் கூட்டி, தாம்பூலம் மாற்றி, பெற்றவளைக் கேட்டுக் கூட்டிப் போனார்கள். இங்கே ஒரு வார்த்தை உண்டா? இந்த வீட்டில் ஏற வேண்டிய பேர் அந்த வீட்டில் ஏறிவிட்டது. போன மாசமே ஏறிவிட்டது. இவளுக்குப் பேச்சோடு பேச்சாகச் சேதி வருகிறது.

அவள் புருஷன் முத்துக்கிருஷ்ணன் காரைக்குடியில் ஒரு வீட்டுக்கு அலமாரி வேலை முடித்துவிட்டு, விரலெல்லாம் பிசினோடு வந்து சேர்ந்தபோது, ஹேமாவதி தரையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். ராஜப்ரியாவின் ஆதார் நகல், பழைய போட்டோ, பன்னிரண்டாம் வகுப்பு நோட்டு எல்லாம் பரப்பிக் கிடந்தன. நோட்டில் பிள்ளை போட்டுப் பழகிய கையெழுத்து ஒரு பக்கம் முழுக்க இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

“ஏண்டி, அவ கையெழுத்தை நீ போடுற?”

“பத்து மாசம் சொமந்தேன். ஒரு கையெழுத்துப் போடக் கூடாதா?”

“அவதான் அங்க பதிஞ்சுட்டாளாமே, ஏகப்பன் சொன்னான்.”

“ஓகோ, உங்க காதுக்கு முன்னாடியே வந்துருச்சோ? நாந்தான் இந்த வீட்டுல கடைசி ஆளா? உங்க தம்பி பொண்டாட்டி என் பிள்ளையைக் கூட்டிக்கிட்டா. நீங்க பந்தியில உக்காந்து சாப்புடுங்க.”

“என்னத்தடி பேசுற? ஓட்டு லிஸ்டுடி அது.”

“லிஸ்டுதான். எந்த வீட்டுல பேரு இருக்கோ அந்த வீட்டுப் பிள்ளை. போயிக் கையைக் கழுவுங்க.”

மனுஷன் கழுவப் போய்விட்டார். அவருக்கு மரத்தோடுதான் வாதாடத் தெரியும்.

மறுநாள் அமீனா வந்து, “பிள்ளை கையெழுத்துத்தானே?” என்று கேட்டபோது, “தீபாவளிக்கு வந்தப்பவே வெறுந்தாள்ல வாங்கி வெச்சிருந்தேன்” என்று கூசாமல் ஆரம்பித்து, படிவத்தில் அல்லவா கையெழுத்து இருக்கிறது என்று உறைத்ததும், “படிவத்துலயும் போட்டுட்டுத்தான் போனா, நேத்து வந்துட்டு ஒடனே கெளம்பிட்டா” என்று முடித்தாள். அமீனா ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தாள். இருபது வருஷப் பழக்கம். படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

மார்கழி பாதியில் அவள் திரும்பி வந்தபோது உட்காரவில்லை.

“ஹேமாக்கா, இதே பேரு, இதே பொறந்த தேதி, இதே மூஞ்சியோட கோயம்புத்தூர்ல ஒரு மனு இருக்கு. ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டுலயும் ‘வேற எங்கயும் என் பேரு இல்லை’ன்னு ராஜி உறுதி குடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கா. பொய்யா உறுதி குடுத்தா ஒரு வருசம் வரைக்கும் ஜெயிலு. இந்தா, படிவத்துலயே அச்சடிச்சிருக்கு பாருங்க. விசாரணைக்குக் கூப்புடுவாக. யாரைக் கூப்புடுவாக? கையெழுத்துப் போட்டவளை. நாளைக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வேலைக்கு எழுதிப் போடப் போற பிள்ளைக்கா. எனக்கு நெசத்தைச் சொல்லுங்க.”

“அவட்டக் கேட்டுச் சொல்றேன் டீச்சர்.”

“நாலு நாளுதான் இருக்கு. அதுக்குள்ள சொல்லலைன்னா ரெண்டு மனுவும் போயிரும். மொத ஓட்டே இல்லாமப் போயிரும்.”

அமீனா குடையை மறந்துவிட்டுப் போனாள். மழைகூட இல்லை அன்றைக்கு.

சாயங்காலம் ராஜப்ரியாவே கூப்பிட்டாள். குரல் எடுத்த எடுப்பிலேயே உடைந்திருந்தது.

“ஏம்மா இப்புடிப் பண்ணுன? என் கையெழுத்தை நீ போட்டியா?”

“நீ என்னட்டக் கேட்டுட்டா அங்க பதிஞ்ச?”

“சொல்ல நெனச்சேன். சொன்னா நீ சித்தியைப் பேசுவன்னு பயந்துக்கிட்டுச் சொல்லலை.”

“பாத்தியா, அவளைச் சொன்னா ஒனக்குப் பொறுக்கலை.”

“அம்மா, நான் சொல்றதைக் கேளு. தேர்தல் அன்னைக்கு லீவு விடுவாக. மறுநா காலையில ஏழு மணிக்கு நான் வார்டுல நிக்கணும், எங்களுக்கு டியூட்டி போட்டுருவாக. ஆறு மணி நேரம் பஸ்ல வந்து, ஓட்டுப் போட்டுட்டு, ஆறு மணி நேரம் திரும்பிப் போறதா? அன்னைக்கு பஸ்ல நிக்கக்கூட எடம் கெடைக்காது.”

“தபால்ல போடுறாகளே?”

“அது பட்டாளத்துல இருக்கவுகளுக்கு, தேர்தல் வேலை பாக்குறவுகளுக்கு, ரொம்ப வயசானவுகளுக்கு. எங்க மாதிரிப் படிக்கிறவுகளுக்குக் கெடையாதும்மா.” மூக்கை உறிஞ்சினாள். “எங்க காலேஜுக்குப் போற ரோட்டுல வெளக்கு கெடையாது. டியூட்டி முடிஞ்சு இருட்டுல பத்துப் பேரு கையைப் புடிச்சுக்கிட்டு நடக்கோம். மனு எழுதிக் கொண்டுபோயிக் குடுத்தோம். ‘உங்களுக்கெல்லாம் இங்க ஓட்டே இல்லையேம்மா’ன்னு சொல்லி ஒரு ஆளு சிரிச்சான். அதுக்குத்தான் நாங்க பத்துப் பேரும் இங்க பதிஞ்சோம். வேற எதுக்கும் இல்ல.”

ஹேமாவதிக்கு அந்த இருட்டு ரோடு புதுச் செய்தி. இருந்தாலும் விடவில்லை. “அதுக்கு அவ நம்பர் என்னத்துக்கு? குடும்பத்து ஆளுன்னு?”

“அந்த வீட்டுல யாரு இருக்காகன்னு கேட்டா யாரைப் போட? உன்னையவா? நீதான் இங்க ஒரு நாளும் வரலையே!”

சொன்னவளுக்கே திக்கென்றிருக்க வேண்டும். களைத்த குரலில் ராஜப்ரியாவே தொடர்ந்தாள்.

“விடும்மா. எனக்கு ஓட்டே வேணாம். ரெண்டையும் எடுக்கச் சொல்லிரு. ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால நிக்க முடியல.”

ஹேமாவதி அன்று மாவுக்கு உப்புப் போட மறந்தாள். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. காலையில் டீக்கடைக்காரர் ஆளனுப்பினார். மெஸ்ஸிலிருந்து போன் வந்தது. எல்லாருக்கும் உப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, அவமானத்தோடு அடுத்த நடை மாவைக் கலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை முழங்கை வரைக்கும் மாவு. சுண்டு விரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். விசாலம்.

“அக்கா, பிள்ளை நேத்துலேருந்து சாப்புடலை.”

“ஏன், ஒன் பஞ்சு இட்லி எறங்கலையாக்கும்?”

விசாலம் அதைக் காதில் வாங்காமல் தொடர்ந்தாள். “நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா ஏசுவீக. ஏசுங்க. அந்தப் படிவத்துல உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. அப்பா, அம்மா, புருசன், இல்லாட்டிப் பாதுகாவலர். ராஜி ஏத்துறப்ப நான் பக்கத்துல நின்னேன். ‘பாதுகாவலர்னா யாரு ராஜி, கூட வெச்சுப் பாத்துக்கிறவுகளா’ன்னு கேட்டேன்.”

ஹேமாவதியின் கை மாவுக்குள் நின்றது.

“கேட்டுட்டேங்க்கா. ஆசையாத்தான் இருந்துச்சு. பன்னெண்டு வருசமா ரேஷன் கார்டுலயும் ரெண்டு பேரு, ஓட்டு லிஸ்டுலயும் ரெண்டு பேரு. மூணாவதா ஒரு பேருக்குப் பக்கத்துல எம் பேரு இருந்தா எப்புடி இருக்கும்னு ஒரு இது. அவ ஒண்ணுஞ் சொல்லலை. ‘சித்தி, வெந்நீ வைங்க’ன்னு என்னைய அடுப்படிக்கு அனுப்பிட்டா. என்ன போட்டாளோ தெரியாது. அவுக அப்பா பேராத்தான் இருக்கும்.”

‘அப்படி வா வழிக்கு’ என்றுதான் ஹேமாவதிக்கு முதலில் தோன்றியது. ஒரு வருஷமாக ஊரே, உனக்குப் புத்தி கோணல் என்று சொன்னதே! கட்டின புருஷனே சொன்னாரே! எல்லாரையும் கூட்டி இந்த போனைக் கேட்கவைக்க வேண்டும் போல் இருந்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் விசாலம் பேசினாள்.

“உங்களுக்கு மனசு ஆறலைன்னா சொல்லுங்க. நான் அவளைத் திரும்ப ஹாஸ்டலுக்கே அனுப்பிடுறேன். காலேஜுல சான்று வாங்கி அந்த விலாசத்துல பதிஞ்சுக்கட்டும். அவளுக்கு ஓட்டு இருந்தாப் போதும்.”

ஹாஸ்டல் என்றதும் அந்த மஞ்சள் கண்கள்தான் ஞாபகம் வந்தன. வீடியோ காலில் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடி கிரைண்டரைப் போட்டது.

“அந்தப் பேச்சே வேணாம்” என்றாள் ஹேமாவதி. “ஹாஸ்டல் சோறு அவளுக்குச் சேராது. ஒன்கிட்டயே இருக்கட்டும்.” விசாலம் அழுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல், “ஏய், உளுந்து ஆட்டுறப்ப ஐஸ் தண்ணியா ஊத்துற?” என்றாள்.

“ஆமாக்கா.”

“நெனச்சேன். அதானே பாத்தேன், கையில என்ன இருக்கு. சரி, பிள்ளையைச் சாப்புட வையி.”

கையைக் கழுவிக்கொண்டு, அமீனா விட்டுப்போன குடையையும் எடுத்துக்கொண்டு அங்கன்வாடிக்கு நடந்தாள். அமீனா முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பத்துப் பதினைந்து தட்டுகள், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு மூக்கொழுகி.

“ஒரு வெள்ளைத்தாள் குடுங்க டீச்சர்.”

சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினாள். ‘மேற்படி படிவத்தில் என் மகள் கையெழுத்தை நான்தான் போட்டேன். அவளுக்குத் தெரியாது. அவள் கோயம்புத்தூரில்தான் இருக்கிறாள். அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அங்கேதான் அவளுக்கு ஓட்டு. பொறாமையில் செய்துவிட்டேன்.’ அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

அமீனா படித்துவிட்டு, “ஆத்தி, பொறாமைன்னெல்லாம் எழுதுவாகளா? அடிங்கக்கா அதை” என்றாள்.

“இருக்கட்டும். கேட்டா என்னன்னு சொல்றது? வேற காரணம் என்ன இருக்கு?”

“தாலுகா ஆபீஸுக்குக் கூப்புட்டா வருவீகளா?”

“வாரேன். ஜெயில்ல போட்டா அங்கயும் மாவு ஆட்டுவேன்.”

கூப்பிட்டார்கள். போனாள். அதிகாரி அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி இவளைப் பார்த்தார். அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அமராவதிபுதூர் விலாசத்து மனு தள்ளுபடியானது. நானூற்றுப் பதினாலில் வீரையாவே சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். அவரைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் ஹேமாவதி காரணமில்லாமல் முறைத்தாள். அந்த மனுஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மாசியில் வெயில் ஏறியது. மாவு சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. ஹேமாவதியும் இப்போது உளுந்துக்கு ஐஸ் தண்ணீர்தான் ஊற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை. மெஸ்காரர் மட்டும், “என்னத்தா, மாவு முன்னைக்கு இப்பப் பேசுது” என்றார். “எப்பவும் போலத்தான் இருக்கு” என்று வெட்டிவிட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் அமீனா செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “ஹேமாக்கா, இறுதிப் பட்டியல் வந்துருச்சு. ராஜி பேரு ஏறிருச்சு. பாக்குறீகளா?”

முத்துக்கிருஷ்ணனும் டீ டம்ளரோடு எழுந்து வந்தார். ஹேமாவதி ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, பார்க்க இஷ்டமில்லாதவள் போல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “நீங்களே படிங்க.”

“வீட்டு எண் பதினேழு பி.”

“அது அவ வீடு.”

“பெயர், ராஜப்ரியா. வயது பதினெட்டு. தாயார் பெயர், ஹேமாவதி.”

ஹேமாவதி திரும்பினாள். “இன்னொருக்காப் படிங்க.”

“தாயார் பெயர் ஹேமாவதி.”

“இருங்க இருங்க” என்று முத்துக்கிருஷ்ணன் குறுக்கே வந்தார். “தகப்பன் பேரைல்ல போடுவாக?”

“அப்பா, அம்மா, ரெண்டுல எதை வேணாலும் போடலாம்ண்ணே. பிள்ளை விருப்பந்தான்.”

“பிள்ளை விருப்பமா! ஹாஸ்டலுக்கு ட்ரங்குப் பெட்டியைத் தலையில வெச்சு மூணு மாடி ஏறுனது நானு. படிக்க மேசை செஞ்சு லாரியில ஏத்திவிட்டது நானு. அப்பன் என்ன செத்தா போயிட்டேன்?” டீயைப் பாதியில் வைத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். முதுகைப் பார்த்தாலே தெரிந்தது, இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குக் கெஞ்ச வேண்டும் என்று.

ஹேமாவதி அவரைக் கவனிக்கவில்லை. செல்போனை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். விசாலத்தின் வீட்டு நம்பர். அதற்குக் கீழே தன் மகள் பேர். அதற்குப் பக்கத்தில் தன் பேர். ஒருநாளும் போகாத வீட்டில், கூப்பிடாமலே, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ அழிக்க முடியாதபடி உட்கார்ந்திருக்கிறாள். வெந்நீர் வைக்க அனுப்பிவிட்டுப் பிள்ளை செய்த காரியம் இதுதான். கண் நிறைந்துகொண்டு வந்தது. சிரிப்பும் சேர்ந்து வந்தது. புறங்கையால் துடைத்ததில் கன்னத்தில் மாவு ஒட்டிக்கொண்டது.

“டீச்சர், இந்த லிஸ்டை அங்குட்டும் ஒட்டுவாகளா? அவுக தெருவுல?”

“பூத்துல ஒட்டுவாகக்கா. பள்ளிக்கூடத்துச் சுவத்துல.”

“விசாலம் பாப்பாளா?”

“ஓட்டுப் போடப் போனாப் பாப்பாகதானே. தேடுவாகல்ல, ராஜி பேரை.”

ஹேமாவதி செல்போனைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“எழுத்து பெருசா இருக்குமா, டீச்சர்?”